வெள்ளம் என்றால் என்ன தெரிகிறது?

எழுத்துக்கூட்டி வாசிப்பது ஒன்று, வாசித்ததன் பொருள் பிடிபடுவது வேறொன்று. தமிழ் எழுத்து இந்த வேறுபாட்டை நன்றாகவே மறைத்துவிடும். உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் கைவந்துவிட்டால் மூன்றாம் வகுப்புக் குழந்தை கம்பனின் விருத்தத்தைக்கூடத் தட்டுத்தடுமாறி முடித்துவிடும். பக்கத்தில் நிற்பவர்கள் பிள்ளைக்குப் பாடம் வந்துவிட்டதென்று மகிழ்வார்கள். நன்னூல் மாணாக்கருக்குச் சொல்லும் உவமைகளில் கிளியும் உண்டு. சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும், அதற்கு மேல் போகாது. பவணந்தியார் அந்தக் கிளியைக் கடைமாணாக்கரோடு தள்ளாமல் இடைமாணாக்கரில் வைத்தார். ஒலி பிழையில்லாமல் வருவதும் ஒரு தேர்ச்சிதான், பாதி வழி வந்த தேர்ச்சி.

மீதிப் பாதி எப்படி வருகிறது என்பதே கேள்வி. 1986-இல் ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசித்துப் புரிதலை ஒரு பெருக்கல் கணக்காக எழுதிக் காட்டினார்கள்: எழுத்தை ஒலியாக மாற்றும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மறுபக்கம். கூட்டல் என்றால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். பெருக்கலில் ஒன்று சுழியானால் விடையும் சுழி. இரண்டாவது திறனை வளர்க்கப் பள்ளிகள் இன்று பரவலாகக் கையாளும் வழிகள் இரண்டு. வாசிப்பதைத் தெரிந்ததோடு தொடர்புபடுத்துவது முதல் வழி. வாசிப்பதை மனத்தில் காட்சியாகக் காண்பது அடுத்தது. பயிற்சிக் கையேடுகளில் இவை உத்திகளாக வரும். ஆனால் இவற்றின் அடியில் தத்துவக் கேள்வி ஒன்று படுத்திருக்கிறது. பொருள் எங்கே இருக்கிறது? சொல்லிலா, சொல்லும் சொல்லும் சேரும் இடத்திலா, மனத்தில் எழும் படத்திலா? சமயங்களும் இதையே வேறு வாயால் கேட்டிருக்கின்றன. உருவம் இல்லாமல் ஒன்றை எண்ண முடியுமா?

இந்தக் கேள்வி சும்மா பேசும் பேச்சாக இல்லாமல் தினசரி வகுப்பறைச் சங்கடமாகவே எதிர்ப்படும் இடம் கேரளத்தின் தமிழ் எல்லை. பாலக்காட்டில் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரம்: கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி. கரிசல் மண், பனைமரம், மழை குறைந்த வானம். இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்கள்: தேயிலை, ஏலம், மஞ்சு மூடிய லயங்கள் என்னும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் பிரிந்தபோது இவை கேரளத்தில் நின்றன. இங்கே தமிழ்வழிப் பள்ளிகள் நடக்கின்றன, கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. அவற்றுக்குத் தமிழில் பாடநூல் அச்சிடுகிறது. வீட்டில் தமிழ், பாடத்தில் தமிழ். பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் மலையாளம். ஒரே குழந்தையின் காதில் இரண்டு மொழிகள். அவை அக்காள் தங்கை போல அவ்வளவு ஒத்திருப்பதால் எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறதென்று குழந்தைக்குத் தெரிவதில்லை.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம். ‘ஊருக்குள் வெள்ளம் வந்தது.’ வாசித்ததைப் படமாக வரையச் சொன்னால், எருத்தேம்பதிப் பக்கத்துக் குழந்தை ஒரு டேங்கர் லாரியை வரையக்கூடும். அதன் பின்னால் வரிசையாகக் குடங்கள், வரிசையில் சண்டை போடும் இரண்டு பெண்கள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். குடிக்க வெள்ளம் கேட்பார்கள், குழாயில் வெள்ளம் வரும். பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் கவலையோடு பேசிக்கொள்ளும் வறண்ட ஊரில் ‘வெள்ளம் வந்தது’ என்பது நல்ல செய்தி. அந்தக் குழந்தை ஒரு எழுத்தும் பிழையாக வாசிக்கவில்லை, தன் அனுபவத்தோடு தொடர்புபடுத்தியிருக்கிறது, தெளிவான காட்சியும் கண்டிருக்கிறது. இரண்டு உத்திகளையும் சொன்னபடி கையாண்ட பிறகும் படம் தப்பு.

அடுத்த வாக்கியம் வருகிறது: ‘மக்கள் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள்.’ லாரி வந்தால் எதற்கு ஓட வேண்டும்? அதுவும் குடத்தை விட்டுவிட்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு, மேட்டுக்கு? இந்த இடத்தில் நெற்றி சுருங்கும் குழந்தை புரிந்துகொள்ளத் தொடங்கிவிட்டது. சுருங்காத குழந்தை இரண்டாவது வாக்கியத்தைத் தனியாக இன்னொரு படமாக வரைந்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டும்.

நெற்றி சுருங்கும் அந்தக் கணத்துக்கு இந்தியத் தத்துவத்தில் பெயர் உண்டு. சொற்கள் சேர்ந்து வாக்கியமாகிப் பொருள் தருவதற்கு நியாய, மீமாம்சை நூலோர் மூன்று தேவைகள் சொன்னார்கள். தமிழ் இலக்கண மரபில் அவை அவாய்நிலை, தகுதி, அண்மை. ஒரு சொல் இன்னொரு சொல்லை வேண்டி நிற்பது அவாய்நிலை. ‘அவிழ்த்துக்கொண்டு’ என்று கேட்டதும் எதை, எங்கே என்று மனம் காத்திருக்கிறது அல்லவா, அந்தக் காத்திருப்பு. சொற்கள் அடுத்தடுத்து நிற்பது அண்மை. சேர்ந்த சொற்களின் பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்துவது தகுதி. ‘நெருப்பால் நனைத்தான்’ என்பதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை, அவாய்நிலை நிறைந்திருக்கிறது, சொற்கள் அடுத்தடுத்தே நிற்கின்றன. ஆனாலும் பொருள் இல்லை. ஏன் இல்லை என்பது அதைப் படமாகக் காண முயன்றால் உடனே தெரியும்.

மனக்காட்சியின் உண்மையான வேலை இதுதான். அது பொருளை உண்டாக்குவதில்லை. கொண்ட பொருளுக்குத் தகுதி உண்டா என்று சோதிக்கிறது. தொடர்புபடுத்துவது அவாய்நிலையின் பக்கத்து வேலை. எதையோ வேண்டி நிற்கும் சொல்லுக்குத் தன்னிடம் இருப்பதைக் குழந்தை எடுத்துக் கொடுக்கிறது. கொடுத்தது பொருந்துகிறதா என்று பார்க்கக் காட்சி வேண்டும். லாரியை வரைந்ததில் குற்றமே இல்லை. வரையாமல் இருந்திருந்தால் அந்தத் தவறான புரிதல் யார் கண்ணிலும் படாமல் பரீட்சை வரை போயிருக்கும்.

சொல்லின் பொருள் தனியே நிற்கிறதா, தொடர்பில்தான் பிறக்கிறதா என்பது பற்றி மீமாம்சகர்களுக்குள்ளேயே பெரிய வழக்கு நடந்தது. 7ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த குமாரில பட்டர், சொற்கள் முதலில் தத்தம் பொருளைத் தரும், பிறகு அப்பொருள்கள் ஒன்றோடொன்று இணையும் என்றார். இது அபிகிதான்வய வாதம். பிரபாகரர் மறுத்தார். இணைந்த நிலையில் அல்லாமல் எந்தச் சொல்லும் யாருக்கும் பொருள் தந்ததில்லை என்பது அவர் கட்சி. அது அன்விதாபிதான வாதம். இந்த வழக்கில் இரு தரப்பும் சாட்சிக்கு அழைத்தது ஒரு குழந்தையை. பெரியவர் ‘பசுவைக் கொண்டு வா’ என்கிறார், மற்றவர் ஒரு விலங்கை ஓட்டி வருகிறார். பிறகு ‘பசுவைக் கட்டு’ என்கிறார். பிறகு ‘குதிரையைக் கொண்டு வா’. பார்த்துக்கொண்டே இருக்கும் குழந்தை எது மாறியது, எது மாறவில்லை என்று ஒப்பிட்டு ஒப்பிட்டு ‘பசு’வைப் பிரித்தெடுக்கிறது. அகராதி எதுவும் அதன் கையில் இல்லை.

மூணாறு லயத்துக் குழந்தை ‘கொழுந்து’ என்ற சொல்லைக் கற்றதும் இப்படித்தான். அம்மா கொழுந்தெடுக்கப் போகிறாள், கொழுந்து எத்தனை கிலோ என்று கேட்கிறார்கள், மழை பெய்தால் கொழுந்து நன்றாக வரும் என்கிறார்கள். ஐந்து வயதுக்குள் அச்சொல் பச்சை நிறத்தோடும் கூடையோடும் விடியற்குளிரோடும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிறகொரு நாள் பாடத்தில் ‘தீ கொழுந்துவிட்டு எரிந்தது’ என்று வருகிறது. கொழுந்து எரிகிறதா? தோட்டம் தீப்பிடித்ததா? வெள்ளத்தில் நடந்தது போலவே இங்கும் குழந்தை தெரிந்ததை எடுத்துக் கொடுக்கிறது. இந்த முறை அதிர்ஷ்டம் அதன் பக்கம் இருக்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக மேல்நோக்கி நீளும் கொழுந்தின் வடிவத்தையும் சுடரின் நுனியையும் அடுத்தடுத்து வரையச் செய்தால், மொழி எப்போதோ செய்து மறந்துபோன ஓர் உவமையை அந்தக் குழந்தை புதிதாகக் கண்டுபிடிக்கும். தொல்காப்பியம் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என்று நான்கு வகை சொல்கிறது. செயலா, பயனா, வடிவா, நிறமா, எதில் ஒற்றுமை என்று கேட்பது. குழந்தையின் தொடர்பு எந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் இன்றைய கையேடுகளில் இல்லை. கொழுந்தும் சுடரும் மெய்யில், அதாவது வடிவில், ஒத்தவை. உருவில், அதாவது நிறத்தில், ஒத்தவை அல்ல. தோட்டத்துப் பச்சையை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிவதுதான் இங்கே புரிதல்.

குமாரிலர், பிரபாகரர் இருவருக்கும் முன்பே பர்த்ருஹரி இந்த இரு கட்சிக்கும் அப்பால் நின்றார். 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவருடைய வாக்கியபதீயம், வாக்கியப் பொருள் துண்டு துண்டாகச் சேர்வதில்லை, ஒரே வீச்சில் பளிச்சிடுகிறது என்கிறது. அதற்குப் பிரதிபை என்று பெயர். அவர் சொல்லும் உவமையே ஓவியம்தான். ஓவியம் ஒன்று, நீலம், மஞ்சள் என்று வண்ணங்களைப் பிரித்துச் சொல்வது பிற்பாடு. இதைக் கேட்டால் பொருளும் படமும் ஒன்றே என்று முடிவுகட்டத் தோன்றும். உவமையை உவமையாகவே விட்டுவிடுவது நல்லது.

ஏனென்றால் படத்துக்குத் தன்னைத்தானே விளக்கிக்கொள்ளத் தெரியாது. 1953-இல் வெளிவந்த ‘தத்துவ ஆய்வுகள்’ நூலில் லுட்விக் விட்கென்ஸ்டைன் ஒரு படத்தைப் பற்றிப் பேசுகிறார்: செங்குத்தான பாதையில் கம்பூன்றி ஏறும் கிழவர். அதே படம், அவர் அதே நிலையில் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டிருப்பதாகவும் இருக்கலாமே? மலைச்சரிவிலேயே வளரும் தேவிகுளத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி உடனே பிடிபடும். மழைக்காலத்தில் இரண்டுமே நடக்கும். ஏறுகிறார் என்பது படத்தில் இல்லை. படத்துக்கு முன்னும் பின்னும் உள்ள கதையில் இருக்கிறது. இன்னொரு சான்று 2015-இல் வந்தது. மனக்கண்ணில் எந்தப் படமும் தோன்றாத மனிதர்களைப் பற்றி எழுதிய நரம்பியலாளர் ஆடம் ஸீமன், அந்த நிலைக்கு அஃபான்டேசியா என்று பெயர் வைத்தார். அவர்கள் கதை படிக்கிறார்கள், பொருள் கொள்கிறார்கள், நல்ல வேலைகளில் இருக்கிறார்கள். படமில்லாமலும் புரிதல் நடக்கிறது என்றாகிவிட்டது. வகுப்பில் கண்ணை மூடச் சொன்னால் ‘ஒண்ணும் தெரியலை டீச்சர்’ என்று ஒரு குழந்தை சொன்னால், அது பொய் சொல்வதாகவோ அடம்பிடிப்பதாகவோ கொள்ள வேண்டியதில்லை.

ஆனாலும் படம் உதவுகிறது. 1976-இல் மைக்கேல் பிரெஸ்லி எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வாசித்ததை மனத்தில் காட்சியாக்கப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். அவர்கள் வாசித்ததை மற்றவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். கட்டாயம் இல்லாத ஒன்று எப்படி இவ்வளவு உதவுகிறது என்ற புதிருக்குச் சமய மரபுகளில் நீண்ட அனுபவம் இருக்கிறது.

சேக்கிழார் சொல்லும் பூசலார் கதை தமிழ்ப் பிள்ளைகள் பலரும் கேட்டது. திருநின்றவூரில் பொருளில்லாத அடியார் ஒருவர் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி முடிக்கிறார். காஞ்சியில் கல்லால் கோயில் எழுப்பிய மன்னனிடம், குடமுழுக்கை வேறு நாளுக்குத் தள்ளிவை, அன்று நாம் பூசலார் கோயிலுக்குப் போக வேண்டும் என்று இறைவன் கனவில் சொல்கிறார். பக்திக் கதையாகவே இதை எல்லோரும் சொல்வார்கள். வாசிப்புக்கு இதில் இருக்கும் பாடம் வேறு. பூசலார் கண்ணை மூடியதும் கோயில் முழுதாகத் தோன்றிவிடவில்லை. பொருள் தேடினார், தச்சரைச் சேர்த்தார், நல்ல நாள் பார்த்தார், அடித்தளம் இட்டார், விமானம் எழுப்பினார், சுதை வேலை செய்தார், கிணறும் குளமும் தோண்டினார். வரிசை பிசகவில்லை. ஒன்று நின்றால்தான் அடுத்தது நிற்கும் என்ற கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட கற்பனை அது. கோயில் பூசைகளில் சொல்லப்படும் தியான சுலோகங்களும் இப்படியே: எத்தனை கை, எந்தக் கையில் என்ன ஆயுதம், என்ன நிறம், எந்த இருக்கை. சுலோகம் சொல்லாத ஐந்தாவது கையை வழிபடுபவர் தன் விருப்பத்துக்குச் சேர்க்க முடியாது. வாசிக்கும் குழந்தையின் மனக்காட்சிக்கும் இதே சட்டம் பொருந்தும். பாடம் சொன்னதைக் காண வேண்டும், சொல்லாமல் விட்டதை அதற்கு முரணில்லாமல் நிரப்ப வேண்டும். மனம் போனபடி மிதப்பது பகற்கனவு. அதுவும் இனிமையானதுதான், வாசிப்பு மட்டும் அல்ல.

படமும் சொல்லும் விளக்கமும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று பார்க்க, எல்லைக் கிராமங்களிலிருந்து மேற்கே பாரதப்புழைக் கரைக்குப் போக வேண்டும். பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கிறது. பத்திரகாளி தாரிகாசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தபோது இராம-இராவண யுத்தம் நடந்து முடிந்துவிட்டதாம். அதைக் காணாத குறையைத் தீர்க்க ஆண்டுதோறும் அவள் சன்னதியில் இராமாயணம் நடத்திக் காட்ட வேண்டும் என்பது ஐதிகம். கோயில் முற்றத்தில் அம்மனை நோக்கிக் கூத்துமாடம் என்ற நிரந்தரக் கட்டடம். ஏறத்தாழ 42 அடி நீளம். முன்னே திரை, பின்னே வரிசையாக 21 விளக்குகள், நடுவில் தோலில் வெட்டிய பாவைகள். 7 இரவு, 14 இரவு, 21 இரவு, சில இடங்களில் அதற்கும் மேல். நூல் கம்பராமாயணம். மலையாள நாட்டின் நடுவே, மலையாளம் பேசும் புலவர்கள், தமிழ்ப் பாட்டைச் சொல்லி, இரு மொழியும் கலந்த நடையில் விளக்கம் சொல்கிறார்கள். அந்த நிகழ்த்துநூலுக்கு ஆடல்பற்று என்று பெயர். ஷொரணூரை அடுத்த கூனத்தறையின் கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கலையை வெளி உலகுக்குக் கொண்டுபோனவர். அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பாவைக்கூத்து என்றதும் ஓடியாடும் நிழல்களை எதிர்பார்த்து வருபவர் ஏமாந்துபோவார். போர்க்காட்சிகளை விட்டால், பெரும்பாலான நேரம் பாவைகள் திரையில் குத்தி வைத்தபடி அசையாமல் நிற்கும். நடப்பதெல்லாம் பேச்சு. ஒரு புலவர் பாட்டைச் சொல்வார், பொருள் சொல்வார். அதை இன்னொரு கதையோடு இணைப்பார், அதிலிருந்து ஒரு தர்ம நியாயத்துக்குப் போவார், இலக்கணத்துக்குப் போவார். மற்றவர் ‘ஆ’ என்று ஒத்து ஊதிக் கேள்வி கேட்பார். படம் ஒரு நொடியில் கண்ணில் விழுந்துவிடுகிறது. அந்தப் படத்தில் இருப்பவர் ஏன் அப்படி நிற்கிறார் என்று சொல்ல ஒரு மணி நேரம் ஆகிறது. விட்கென்ஸ்டைனின் கிழவர் ஏறுகிறாரா சறுக்குகிறாரா என்ற கேள்விக்குப் புலவர்கள் பல தலைமுறையாக விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு விசித்திரம் உண்டு. இக்கூத்தைப் பற்றி 1996-இல் நூல் எழுதிய அமெரிக்க ஆய்வாளர் ஸ்டுவர்ட் பிளாக்பர்ன், பெரும்பாலான இரவுகளில் திரைக்கு முன்னால் ஆள் யாரும் இல்லாததைப் பதிவு செய்தார். அம்மன் பார்க்கிறாள் என்பது நம்பிக்கை. மாடத்துக்குள் நடப்பதைக் கவனித்தவருக்குத் தெரிந்தது, புலவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள், ஒருவரை ஒருவர் மடக்குகிறார்கள், திருத்துகிறார்கள் என்பது. திரைக்கு வெளியே படம், உள்ளே உரையாடல். புரிதல் உள்ளேதான் நடக்கிறது. படம் காட்டுவதோடு பாடம் முடிந்ததென்று ஸ்மார்ட் போர்டை அணைத்துவிடும் வகுப்புக்கு இந்தக் கூத்துமாடம் சொல்ல ஒன்று இருக்கிறது.

எல்லாச் சொல்லுக்கும் படம் உண்டா என்பது அடுத்த கேள்வி. சைவ சித்தாந்தம் இறைவனின் நிலையை உருவம், அருவம், அருவுருவம் என்று மூன்றாக வகுத்தது. அருவுருவத்துக்கு இலிங்கம் சான்று. இந்தப் பகுப்பைக் கடன் வாங்கினால் குழந்தை வாசிக்கும் சொற்களையும் மூன்றாக அடுக்கலாம். பனை, பாலம், யானை ஆகியவை உருவச் சொற்கள். பசி, பயம், குளிர் ஆகியவை அருவுருவம். அவற்றைக் காண முடியாது, ஒட்டிய வயிற்றையும் விரிந்த கண்ணையும் போர்த்திய கம்பளியையும் காணலாம். நீதி, கடன், நம்பிக்கை ஆகியவை அருவம். காட்சிப்படுத்தும் உத்தி முதல் வகையில் தாராளமாக ஓடும், இரண்டாவதில் குறிகளைப் பிடித்துக்கொண்டு நடக்கும், மூன்றாவதில் நின்றுவிடும். நின்ற இடத்தில் துணைக்கு வருவது தொடர்பு. பாலக்காட்டின் இராவுத்தர் வீடுகளில் வளரும் குழந்தைக்கு இது பழகிய பாதை. அல்லாஹ்வுக்கு உருவம் கற்பிக்கக் கூடாது என்பது அதற்குத் தெரியும். ஆனாலும் அச்சொல் அதற்குப் பொருளற்ற சத்தமாக இல்லை. ஒளு செய்யும் நீர், தொழுகை விரிப்பு, நோன்பு திறக்கும் நேரத்துப் பேரீச்சம்பழம் என்று செயல்களின் வழியே அது நிறைந்திருக்கிறது. உருவமில்லாத ஒன்றைக் குழந்தை மனம் பற்றிக்கொள்ள முடியாது என்று நினைப்பவர்கள் இந்த வீடுகளை மறந்துவிடுகிறார்கள். ‘நீதி’ என்ற சொல்லுக்குத் தராசை வரைந்து காட்டுவதைவிட, மிட்டாயைப் பங்கு வைத்தபோது வந்த சண்டையை நினைவூட்டுவது பொருளுக்கு அருகில் போகும்.

தொடர்புகளை எல்லின் கீன், சூசன் சிம்மர்மன் இருவரும் 1997-இல் வெளியிட்ட நூல் மூன்றாக வகுத்தது: பாடத்திலிருந்து தன் வாழ்வுக்கு, பாடத்திலிருந்து வேறு பாடத்துக்கு, பாடத்திலிருந்து உலகுக்கு. தமிழ் மரபுக்கு இது புதிதல்ல. நிலமும் பொழுதும் முதற்பொருள், பூவும் பறவையும் தொழிலும் கருப்பொருள், மனத்தின் நிலை உரிப்பொருள் என்று திணை வகுத்தபோதே, வெளியே இருப்பதை உள்ளே இருப்பதோடு இணைத்து வாசிக்கும் பயிற்சி தொடங்கிவிட்டது. ஆனால் இடுக்கியில் அந்தத் திணையே ஒரு வேடிக்கை செய்கிறது. வட்டவடைப் பள்ளிக் குழந்தை குறிஞ்சி நிலத்தின் நடுவில் குடியிருக்கிறது. பக்கத்திலேயே 2006-இல் அறிவிக்கப்பட்ட குறிஞ்சிமலை சரணாலயம். நீலக்குறிஞ்சி அங்கே 2006-இலும் 2018-இலும் பூத்தது. அடுத்த பூப்பு 2030-இல். 2019-இல் பிறந்த பிள்ளை ஆரம்பப் பள்ளியை முடிக்கும்வரை தன் ஊர்ப் பூவைப் பார்த்திருக்காது. அதற்குக் குறிஞ்சி என்பது பச்சைப் புதர், அம்மாவின் போனில் இருக்கும் போட்டோ, பாட்டியின் பேச்சு. சொந்த ஊரையும் சொல்லின் வழியாகத்தான் காண வேண்டியிருக்கிறது.

2018 பூப்பு கேரளத்தையே மூழ்கடித்த மழையோடு வந்து கலைந்தும் போனது. அந்த ஆகஸ்டில் செறுதோணி அணையின் மதகுகள் 26 ஆண்டுக்குப் பின் திறந்தன. மலையாளப் பத்திரிகைகள் அதைப் பிரளயம் என்று எழுதின, மக்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள். தமிழ்ப் பாடத்தில் பிரளயம் என்றால் உலகம் ஒடுங்கும் ஊழி. வெள்ளத்தைத் தண்ணீராகச் சுருக்கிய அதே பக்கத்து மொழி, பிரளயத்தை மாமா வீட்டுச் சுவரில் படிந்த சேற்றுக்கோடாக இறக்கி வைத்திருக்கிறது. புராணக் கதையில் ஆலிலைமேல் குழந்தை மிதக்கும்போது இடுக்கிப் பிள்ளைக்கு ரப்பர் படகு நினைவுக்கு வந்தால் அதைச் சிரித்து ஒதுக்கிவிடக் கூடாது. எல்லாம் மூழ்கியபின் எது மிஞ்சும் என்று கதை கேட்கும் கேள்விக்கு அந்தப் பிள்ளை மற்றவர்களைவிடப் பக்கத்தில் நிற்கிறது.

தொடர்பு வழிதவறுவதும் உண்டு. மறையூரில் முனியறைகள் என்று பெயர்பெற்ற பெருங்கற்கால ஈமச்சின்னங்களைக் காணும் பிள்ளைக்குப் பாண்டவர் மறைந்திருந்த ஊர் என்ற கதை வீட்டிலேயே கிடைத்திருக்கும். வரலாற்றுப் பாடத்தில் பெருங்கற்காலம் வரும்போது அர்ச்சுனன் குறுக்கே வருவான். அவனை விரட்டத் தேவையில்லை. ஒன்று ஊர் தன்னைப் பற்றிச் சொல்லும் கதை, மற்றது கல் சொல்லும் செய்தி என்று இரண்டு கேள்விகளாகப் பிரித்து வைத்தால் போதும். குமுளிக்கு மேலே வண்ணாத்திப்பாறையில் மங்கலதேவி கண்ணகி கோயில், சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் திறக்கிறது. வேங்கை மரத்தடியில் நின்ற கண்ணகியை வாசிக்கும் குமுளிப் பிள்ளை ஜன்னல் வழியே அந்த மலையைக் காட்ட முடியும். இது கிடைத்தற்கரிய தொடர்பு. ஆனால் அந்த ஒரு நாள் நெரிசலும் கேரள, தமிழக அதிகாரிகளின் எல்லை வழக்கும் கூடவே வந்து, கதையில் கண்ணகி ஏன் அழுதாள் என்பதைப் பின்னால் தள்ளிவிடும். தொடர்பு பாடத்துக்குத் திரும்பி வராவிட்டால் அது வெறும் ஊர்க்கதை. சில தொடர்புகளைத் தூண்டவே கூடாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போய் 70 பேர் இறந்தார்கள். அந்தப் பக்கத்து வகுப்பில் மலைச்சரிவுப் பாடம் வரும்போது ‘உங்களுக்குத் தெரிந்த சம்பவத்தைச் சொல்லுங்கள்’ என்ற வழக்கமான கேள்வியைக் கேட்காமல் விடுவதே அறிவு.

வகுப்பில் இவை எப்படி நடக்கும் என்பது அதிகம் சிக்கலில்லாதது. ஆசிரியர் நான்கைந்து வரி வாசித்து நிறுத்துகிறார். என்ன தெரிகிறது என்று கேட்கிறார். குழந்தைகள் கோட்டுப் படமாக வரைகிறார்கள். ஓவியப் போட்டி போல வண்ணம் தீட்ட உட்கார்ந்தால் அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான். அடுத்த கேள்வி முக்கியமானது: எந்தச் சொல் அதைச் சொல்லிற்று? மறையூர்ப் பிள்ளை சர்க்கரைக்குப் பழுப்பு உருண்டை வரைந்திருக்கும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர்ச் சர்க்கரை வெல்லம்தான். பாடத்தில் டீயில் கரண்டியால் போட்ட சர்க்கரை என்றால் ‘கரண்டி’ அந்த உருண்டையை ஆட்சேபிக்கும். சர்க்கரைப் பொங்கல் என்றால் உருண்டையே சரி, தமிழில் அச்சொல்லின் பழைய பொருளும் அதுதான். இப்படிச் சொல்லைச் சுட்டிக்காட்டி வாதாடும் பழக்கம் வந்துவிட்டால், பிள்ளைகள் ஒருவர் படத்தை ஒருவர் திருத்தத் தொடங்குவார்கள், கூத்துமாடத்துப் புலவர்கள் போல. அப்புறம் அடுத்த நான்கு வரி. பழைய படத்தில் எதை மாற்ற வேண்டும் என்ற கேள்வி. முதல் படத்தைவிட, அதன்மேல் விழும் அடித்தல் திருத்தல்களே ஆசிரியருக்குக் கூடுதல் செய்தி சொல்லும்.

எருத்தேம்பதிக் குழந்தை இரண்டாவது வாக்கியத்துக்குப் பிறகு லாரியைச் சுற்றி அலை அலையாகக் கோடு போட்டு, மாட்டை மேட்டில் ஏற்றுகிறது. லாரியை ரப்பர் வைத்து அழிக்கச் சொல்ல வேண்டியதில்லை. அதன் கீழே ‘மலையாளத்து வெள்ளம்’ என்றும், அலைகளின் கீழே ‘தமிழ் வெள்ளம்’ என்றும் எழுதிக்கொண்டால் அடுத்த ஆண்டு மலையாளப் பாடத்துக்கும் அதே படம் உதவும்.